சுருள் பேரடை: சொல் விளக்கம்

கலக்ஸி எண்டா எங்கட திருகோணமலைப் பிள்ளையளுக்கு முதல்ல ஞாபகம் வாறது போன்தான், ஆனா அந்தச் சொல்லுக்குள்ள இருக்கிறது பால். கிரேக்கத்தில 'காலா' எண்டா பால். இரவு வானத்தில வெளிறி நீளமாக் கிடக்கிற பட்டையை அவை பால் வட்டம் எண்டினம், லத்தீன்காரர் பால் வழி எண்டினம், நாங்கள் பால்வீதி எண்டுறம். ஆடி ஆவணியில நிலவில்லாத இரவாப் பாத்து குச்சவெளிப் பக்கம் லைட் இல்லாத கரையில நிண்டா, தெற்கில இருந்து தலைக்கு மேலால போறது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

இப்ப கனபேர் எந்தக் கலக்ஸியையும் பால்வெளி எண்டே எழுதுகினம், அது பிழை. அது நாங்கள் இருக்கிற ஒண்டின்ர பெயர், மற்றதுகளுக்கும் சேத்து ஒரு பொதுப்பெயர் வேணும். விண்மீன் மண்டலம் எண்டு போட்டா, ஓரியன், சப்தரிஷி மாதிரி நாங்கள் கோடு கீறிப் பாக்கிற உருவங்களோட குழம்பிப்போகும். பேரடைதான் சரியான சொல், தேனடையில வாற அதே அடை, கோடிக்கணக்கில நட்சத்திரமும் வாயுவும் தூசும் ஒண்டா அடைஞ்சு கிடக்கிற பெரிய அடை. 'ஸ்பைரல்' எண்டதுக்குச் சுருள். சுருள்முடி, சுருட்டு எண்டு நாளும் புழங்கிற சொல், வேற தேடத் தேவையே இல்லை.

இந்தச் சுருளை முதல்ல கண்டது 1845 இல, அயர்லாந்தில ரோஸ் பிரபு. 6 அடி அகல ஆடி வச்ச தொலைநோக்கியால எம் 51 எண்ட பேரடையைப் பாத்தார். 1773 இல பிரெஞ்சு வானியலாளர் மெசியே கண்டபோது வெறும் மங்கலாத் தெரிஞ்ச அதே எம் 51 தான், இவருக்குக் கைகள் சுத்திச் சுத்தி வெளியால போறது தெரிஞ்சுது, கண்ணால பாத்துக் கையாலயே கீறி வச்சார். அப்ப அதைச் சுருள் நெபுலா எண்டுதான் சொன்னவை, நெபுலா எண்டா லத்தீனில மூடுபனி, முகில். 1923 இல அண்ட்ரோமீடா எண்ட இன்னொரு சுருள் நெபுலாவுக்குள்ள வெளிச்சம் கூடிக் குறையிற செபீட் நட்சத்திரம் ஒண்டை அமெரிக்க வானியலாளர் ஹபிள் கண்டுபிடிச்சு, அது கூடிக் குறைய எடுக்கிற நாளை வச்சுத் தூரத்தைக் கணக்குப் பாத்தா, பால்வீதிக்கு எத்தினையோ தூரம் வெளியால நிக்குது! இப்பத்தைய கணக்கு 25 லட்சம் ஒளியாண்டு. முகில் எண்ட பெயர் அதோட பொருந்தாமப் போச்சு.

கை எண்டு சொன்னாலும் அது ஒரே நட்சத்திரங்கள் கட்டிப்பிடிச்சு நிக்கிற இடமில்லை. நட்சத்திரங்கள் உள்ள போய் வெளியால வந்துகொண்டே இருக்கும், அங்க வாயு நெருங்கிப் புதுசாப் பிறக்கிற நீல நட்சத்திரங்களாலதான் கை பளிச்செண்டு தெரியுது.

அண்ட்ரோமீடாவை நீங்களும் பாக்கலாம், ஓகஸ்ட்டில ராத்திரி 11 மணிக்குப் பிறகு நிலாவெளிக் கரையில வடகிழக்குக் கடலுக்கு மேல. பைனாகுலரில நீட்டுக்கு ஒரு வெள்ளைப் படலம்தான், சுருள் தெரியாது. அது எங்களுக்குச் சரிஞ்சு நிக்குது, எம் 51 முகத்தை நேர காட்டிக்கொண்டு நிக்குது. அதாலதான் அண்ட்ரோமீடாவின்ர சுருள் வடிவம் 1888 இல வானியலாளர் ஐசக் ரொபேர்ட்ஸ் கமராவைக் கனநேரம் திறந்து வச்சு எடுத்த போட்டோவிலதான் தெரிய வந்தது.