கேஸ் கிணத்துல ஆபத்து பாறை உடையற இடத்துல இல்லீங்க

திருச்செங்கோட்டு போர் வண்டி வராத ஊரு நம்ம கொங்குல ஏதுங்க, அதனால ஃப்ராக்கிங், அதாவது பூமிக்கு அடியில பாறைய உடைச்சு கேஸ் எடுக்கற வேலை, நமக்கு ஈசியா புரியும். ஆயிரம் அடி ஓட்டியும் புழுதிதான் பறக்குதுன்னா குடிநீர் வாரியத்துல ஹைட்ரோ ஃப்ராக்சரிங் பண்ணுவாங்க, போர அடைச்சுட்டு ப்ரெஷரா தண்ணி அடிச்சா பாறை இடுக்கு விரிஞ்சு ஊத்து திறக்கும். கேஸ் எடுக்கறதும் இதே வேலைதான், அளவுதான் வேற. போரு ஒண்ணரை, ரெண்டு கிலோமீட்டர் கீழ போயி படுக்கவசமா திரும்பி, களிமண் இறுகி ஆன ஷேல் பாறைக்குள்ள ஓடும், ஒரு கிணத்துக்கே கோடி லிட்டருக்கு மேல தண்ணி, வெடிப்பு மறுபடி மூடாம இருக்க மணல், ஒரு சதவீதம் போல கெமிக்கல். ஒரு சதவீதம்தானேன்னு விட்டுடாதீங்க, கோடி லிட்டர்ல அது ஒரு லட்சம் லிட்டர்.

அவ்வளவு ஆழத்துல உடைச்ச வெடிப்பு நேரா நம்ம குடிதண்ணி வரைக்கும் ஏறி வர்றது அபூர்வம். வம்பு கிணத்துக்குள்ள இறக்கற கேசிங் பைப்புலதான். பைப்புக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அதுல சிமெண்ட் ஊத்தி அடைப்பாங்க, அந்த சிமெண்ட் சரியா புடிக்காம விட்டாலோ பின்னாடி விரிசல் விட்டாலோ மீத்தேன் அந்த சந்து வழியாவே மேல ஏறி பக்கத்து கிணத்து தண்ணியில கலந்துரும்.

அடுத்தது உடைச்சப்புறம் கிணத்துல இருந்து திரும்பி மேல வர்ற தண்ணி, எனக்கு பெரிய பயமே இதுதாங்க. உப்புன்னா கடல் தண்ணியவிட பல மடங்கு உப்பா வரும். நொய்யல்ல சாயத்தண்ணி விட்டு ஒரத்துப்பாளையம் டேம் என்ன ஆச்சு, அந்த உப்பு ஏறுன காடு என்ன ஆச்சுன்னு பாத்தவங்க நாம, 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளயே மூடச் சொல்லுச்சு. கதிர்வீச்சுன்னா கூடங்குளம்தான் ஞாபகம் வரும், ஆனா பென்சில்வேனியாவுல ஷேல் கிணத்துல வர்ற தண்ணியிலயும் பாறையில இருந்து கரைஞ்ச ரேடியம் இருக்கு.

அந்த தண்ணிய எங்க விடறது? அமெரிக்காவுல பெரும்பாலும் வேற ஆழமான கிணத்துல திரும்ப அடிச்சு விடறாங்க. அது பூமிக்குள்ள இருக்கற பழைய பிளவுக்குள்ள புகுந்து, ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிச்சிருந்த பிடிய தளத்தி வழுக்க விட்டுரும். ஓக்லஹோமாவுல 2016 செப்டம்பர்ல 5.8 ரிக்டர் நிலநடுக்கம் வந்ததுக்கு காரணம் ஆயில், கேஸ் கிணத்து கழிவுத்தண்ணிய இப்படி உள்ள அடிச்சதுதான்.

நம்ம கருங்கல் பாறையில ஷேல் கேஸ் கிடையாது, இருக்கறது டெல்டா பக்கம், அங்க 2020 வேளாண் மண்டல சட்டம் புதுசா எடுக்கறத தடுக்குது. எந்த ஊர்லயா இருந்தாலும் கேஸ் கிணறு வரப்போகுதுன்னா தோண்டறதுக்கு முன்னாடியே சுத்தி இருக்கற கிணத்துல எல்லாம் மீத்தேனும் உப்பும் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட கையில வச்சுக்கணுங்க, இல்லாட்டி நாளைக்கு தண்ணி கெட்டப்புறம் இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுன்னு கம்பெனிக்காரன் சொன்னா நம்மகிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது.