வரி வரவு: துப்பாக்கியை ஒப்படைத்தால் கிடைக்கும் சலுகைக்குச் சரியான சொல் எது?

அமெரிக்காவில் துப்பாக்கியைத் தாமாக முன்வந்து அரசிடம் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை தரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், தமிழ்ச் செய்திகளில் அதை ‘வரி விலக்கு’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே முன்வைக்கப்பட்டது டேக்ஸ் கிரெடிட். அதற்குத் தமிழில் வரி வரவு என்பதே பொருந்தும். எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில் பல நூறு டாலர் வித்தியாசம் இருக்கிறது.

மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வரி விலக்கு என்றால் குறிப்பிட்ட வருமானத்துக்கு வரியே கிடையாது. இந்தியாவில் விவசாய வருமானம் இந்த வகை. வரிக்கழிவு என்றால் வரியைக் கணக்கிடும் முன்பே வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழிப்பது. நம் வருமான வரியின் பழைய முறையில் எல்.ஐ.சி. பிரீமியத்தைக் காட்டுவது போல. வரி வரவு வருமானத்தைத் தொடாது. கணக்கெல்லாம் போட்டு முடித்து, ‘இவ்வளவு கட்ட வேண்டும்’ என்று வந்து நிற்கும் வரியிலிருந்தே நேராகக் கழியும். நம் வருமான வரியில் குறைந்த வருமானக்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடி வேலை செய்யும் விதமும் இதுதான்.

22 சதவீத வரி அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு 2,000 டாலர் கழிவு கொடுத்தால் அவர் கையில் மிஞ்சுவது 440 டாலர். அதே 2,000 டாலரை வரவாகக் கொடுத்தால் முழு 2,000 டாலரும் மிஞ்சும். விலக்கு என்று எழுதினால் இந்தக் கணக்கு எதுவும் வாசகருக்குப் புரியாது.

இந்த 2,000 டாலர் கற்பனைத் தொகை அல்ல. கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே, அதே மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ரோசா டெலாரோ ஒரு மசோதா கொண்டுவந்தார். குறிப்பிட்ட தாக்குதல் ரகத் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைத்தால் 2,000 டாலர் வரை வரி வரவு, இரண்டு வரியாண்டுகளில் பிரித்து. மசோதா சட்டமாகவில்லை.

கிரெடிட் என்ற சொல்லின் வேர் ‘நம்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. நம்பிக் கொடுத்த பொருள் என்பது முதற்பொருள்; கடன் என்ற பொருளும், கணக்கேட்டில் ஒருவர் பெயரில் வைக்கும் தொகை என்ற பொருளும் அதிலிருந்து கிளைத்தவை. வரிச்சட்டம் எடுத்துக்கொண்டது கணக்கேட்டுப் பொருளை. பற்று, வரவு என்று நம் கணக்குப்பிள்ளைகள் எழுதிவந்த வரவு அதற்கு அப்படியே ஈடாகிறது. ஜி.எஸ்.டி. பேச்சில் ‘உள்ளீட்டு வரி வரவு’ என்று ஏற்கெனவே புழங்கவும் செய்கிறது. சிலர் ‘வரிக்கடன்’ என்று எழுதுவது தவறான திசை. படிப்பவர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை என்றே எடுத்துக்கொள்வார். வரி வரவிலும் ஒரு சிக்கல் உண்டு: அரசுக்கு வரும் வரி வருவாய் என்று தோன்றலாம். அதனால் முதல் முறை எழுதும்போது ‘கட்ட வேண்டிய வரியில் நேராகக் கழியும் தொகை’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிடுவது நல்லது.

வரி வரவில் இரண்டு வகை. கட்ட வேண்டிய வரி 600 டாலர், வரவு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். திரும்பத் தரும் வரவு என்றால் மீதி 400 டாலர் கைக்கு வரும். திரும்பத் தராத வரவு என்றால் அந்த 400 போனது போனதுதான். வருமானம் குறைந்து வரியே கட்டாதவருக்கு இரண்டாம் வகையால் ஒரு காசும் கிடைக்காது. ஏழை வீட்டுத் துப்பாக்கியும் வெளியே வர வேண்டும் என்றால் சட்டத்தில் முதல் வகையைத்தான் எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் ‘2,000 டாலர் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதுவது பாதிச் செய்தி.

அடுத்தது சரண்டர். ‘துப்பாக்கிகளைச் சரணடையச் செய்தார்கள்’ என்று எழுதக் கூடாது. சரண் என்பது புகலிடம். அதை அடைபவர் மனிதர். பொருளை ஒப்படைக்கிறோம். தேர்தல் அறிவித்ததும் ‘உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்’ என்று வரும் அறிவிப்பில் இருப்பதே சரியான சொல். தாமாக முன்வந்து என்பதையும் சேர்த்தால் தன்விருப்ப ஒப்படைப்பு.

பைபேக் என்பதைத் ‘திரும்ப வாங்குதல்’ என்று பெயர்ப்பது நிறுவனப் பங்குகளுக்குப் பொருந்தும், ஏனென்றால் வெளியிட்டவரே வாங்குகிறார். அரசு விற்காத துப்பாக்கியை அரசு எப்படித் திரும்ப வாங்கும்? விலை கொடுத்துப் பெறுதல் என்பதே தெளிவு. ஆஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை இப்படிப் பெற்றார்கள். அங்கே வரி எதிர்த்திசையில் வேலை செய்தது: ஒப்படைத்தவருக்குச் சலுகை இல்லை, இழப்பீடு; அந்தப் பணத்துக்காக மெடிகேர் தீர்வையை, அதாவது பொது மருத்துவக் காப்பீட்டுக்காக வருமானத்தில் பிடிக்கும் வரியை, ஓராண்டுக்கு 1.5இலிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தி வரி கட்டுவோரிடம் வாங்கினார்கள். நியூசிலாந்து 2019இல் அடிப்படை விலையில் புதிதுக்கு 95, பழையதற்கு 70, மோசமான நிலையில் உள்ளதற்கு 25 சதவீதம் என்று கொடுத்தது. இரண்டு நாடுகளிலும் தடைசெய்த ரகங்களை ஒப்படைப்பது கட்டாயம் என்பதால் ‘தன்விருப்பம்’ அங்கே பொருந்தாது.

அம்னெஸ்டி, அதாவது பொதுமன்னிப்பு, தனி ஏற்பாடு. அந்தச் சொல்லின் கிரேக்க வேருக்கு மறதி என்று பொருள்: கொடுத்துவிட்டால் வைத்திருந்ததற்கு வழக்கு இல்லை, பல இடங்களில் பெயரும் கேட்க மாட்டார்கள். வரி வரவு இதோடு நேராக மோதுகிறது. வரிப்படிவத்தில் வரவைக் கோர வேண்டும் என்றால் பெயர் வேண்டும், ரசீது வேண்டும், துப்பாக்கியின் தயாரிப்பாளர், ரகம், தொடர் எண், ஒப்படைத்த நாள், பெற்ற அலுவலகம் எல்லாம் வேண்டும். உரிமையில்லாமல் வைத்திருப்பவர் அந்தப் பக்கமே வர மாட்டார். சட்டப்படி வைத்திருப்பவர்தான் வரி வரவுக்கு வருவார்; கள்ளத் துப்பாக்கிக்குப் பொதுமன்னிப்புதான் வழி.

ஒப்படைக்கும்போது முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியை, கழற்றி, பிறகு உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே வைத்து, காவல் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போகக் கூடாது. பெரும்பாலும் துப்பாக்கியைக் காரின் டிக்கியிலேயே விடச் சொல்லி, அதிகாரியே வந்து எடுப்பார்.

தொகையை எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றாக வைத்தால் துருப்பிடித்துச் சுடாதவைதான் முதலில் வரும். சந்தை விலையைவிடக் கூட வைத்தால் மலிவாக வாங்கி ஒப்படைக்க ஆள் கிளம்பும். நியூயார்க் மாநிலத்தின் யூடிகா நகரில் 2022இல், முப்பரிமாண அச்சில் செய்த துப்பாக்கிப் பாகங்களைக் கொண்டுவந்து ஒருவர் 21,000 டாலர் பரிசு அட்டைகளாக வாங்கிப் போனார். சட்டம் வந்த நாளுக்கு முன்பே துப்பாக்கி தம்மிடம் இருந்தது என்று காட்டும் நிபந்தனை இதனால்தான் தேவை.

அமெரிக்காவில் இன்றும், எதையும் கைம்மாறாக வாங்காமல் பொது நோக்கத்துக்காக அரசு அமைப்புக்குக் கொடுக்கும் பொருளின் மதிப்பை நன்கொடைக் கழிவாகக் காட்டப் பொதுவிதி இடம் தருகிறது. 500 டாலருக்கு மேல் போனால் 8283 படிவம், 5,000 டாலருக்கு மேல் போனால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை. பரிசு அட்டை வாங்கினால் அதன் மதிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இது கழிவு, வரவு அல்ல. செலவுகளைத் தனித்தனியே காட்டாமல், சட்டம் தரும் ஒரே தொகையை, அதாவது நிலையான கழிவை, எடுத்துக்கொள்பவர்களுக்குப் பொதுவாக இதில் எதுவும் மிஞ்சுவதில்லை. 2018இல் அந்த நிலையான கழிவு தனிநபருக்கு 12,000 டாலராக உயர்ந்தபின் பெரும்பாலோர் அதையே எடுக்கிறார்கள்.

எழுதும்போது: ‘துப்பாக்கி சரண்டர் செய்தால் 2,000 டாலர் வரி விலக்கு’ என்பதற்குப் பதில், ‘தாக்குதல் ரகத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்பவருக்கு 2,000 டாலர் வரை வரி வரவு’.