உறிஞ்சுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும்

நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் லைப்போசக்ஷன் (குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை) என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் தொப்பையைத் தடவிக்கொண்டே கேட்பார்: "இதை உறிஞ்சி எடுத்துட்டா சுகரும் குறையுமா?"

பதில் அவர் கையிலேயே இருக்கிறது. வயிற்றை இரண்டு விரலால் கிள்ளச் சொல்லுங்கள். விரலுக்குள் வரும் மடிப்புதான் தோலடிக் கொழுப்பு. லைப்போசக்ஷன் குழாய் போகக்கூடிய இடம் அது மட்டும்தான். கிள்ளினால் பிடிபடாமல், கவிழ்த்த பானை மாதிரி கெட்டியாக முன்தள்ளி நிற்கும் தொப்பை வேறு ரகம். அங்கே கொழுப்பு வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் நெருங்கிய சொந்தம் இந்த உட்கொழுப்புதான். அதை எடுக்கக் குழாயை விட்டால் குடலில்தான் ஓட்டை விழும்.

சரி, தோலடிக் கொழுப்பையே நிறைய எடுத்தால்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் க்ளைன் குழுவினர் இதைச் செய்தே பார்த்தார்கள். உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, 10 முதல் 12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் திறன் எதுவும் அசையவில்லை. அதே 10 கிலோவைச் சாப்பாட்டைக் குறைத்து இறக்கியிருந்தால் எல்லாமே மாறியிருக்கும். பட்டினி போட்டால் உடம்பிலுள்ள எல்லாக் கொழுப்புச் செல்களும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். கல்லீரலில் படிந்ததும் கரையும். உறிஞ்சும்போது ஒரு பகுதியில் செல்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. மிச்சமிருப்பவை பழைய பருமனிலேயே இருக்கின்றன.

இந்த எண்ணிக்கை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வளர்ந்த மனிதருக்குக் கொழுப்புச் செல்களின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அதற்கு உதவியது அணுகுண்டு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது காற்றிலிருந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதைப் படித்தால் செல்லின் வயது தெரியும். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. நாம் குண்டாவதும் இளைப்பதும் பெரும்பாலும் இருக்கும் மூட்டைகள் உப்புவதும் வற்றுவதும்தான்.

எடுத்த செல்கள் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது என்று விளம்பரங்கள் சொல்வது இதனால்தான். பாதி உண்மை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பருமனில்லாத பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தொடையில் எடுத்த கொழுப்பு தொடைக்குத் திரும்பவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் உடம்பின் மொத்தக் கொழுப்பு பழைய கணக்குக்கே வந்துவிட்டது. பெரும்பாலும் வயிற்றில் சேர்ந்திருந்தது.

ஆக, லைப்போசக்ஷன் உடம்பின் வடிவத்தைத் திருத்தும் தையல்காரர் வேலை. எடை சரியாக இருந்தும் என்ன செய்தாலும் கரையாத இடுப்பு மடிப்பு, தொடையின் வெளிப்புறம், தாடைக்குக் கீழே தொங்கும் சதை, ஆண்களுக்கு வரும் மார்புப் பெருக்கம் போன்ற இடங்களில் இது நன்றாகவே எடுபடும்.

அந்தத் தையலைக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது. 1920-களில் பாரீஸில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர், ஒரு நடனக்காரியின் காலை மெலிதாக்க, கருப்பையைச் சுரண்டும் கருவியை எடுத்துக் கொழுப்பைச் சுரண்டினார். ரத்தக்குழாய் அறுந்து கால் அழுகியது. கடைசியில் காலையே வெட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நெடுங்காலம் யாரும் இந்தப் பக்கம் பெரிதாகத் தலைவைக்கவில்லை.

துஜாரியே செய்த பிழை புரிய ஒரு பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோலடிக் கொழுப்பும் அப்படித்தான்: மஞ்சள் சுளைகள், நடுவே சடை. அந்தச் சடை வழியாகத்தான் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் தோலுக்குப் போகின்றன. கூர்மையான கருவி சுளையையும் சடையையும் சேர்த்து அறுத்துவிடும். 1970-களின் நடுவில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சும் குழாய்க் கருவியைச் செய்தார்கள். 1977-ல் பாரீஸில் இவ் ஜெரார் இலூஸ், முதுகில் கொழுப்புக் கட்டியோடு வந்த ஒரு நடிகைக்குத் தழும்பு பெரிதாகத் தெரியாமல் சிகிச்சை தர முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தினார். மழுங்கிய முனை சடையை ஒதுக்கிவிட்டுச் சுளையை மட்டும் இழுக்கும். உறிஞ்சும் முன் உப்புநீரை உள்ளே செலுத்தியதும் அவர்தான்.

அந்தத் தண்ணீரை முழு வித்தையாக்கியவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன். (மேலே பார்த்தவர் வேறு க்ளைன்.) தண்ணீர் விடாமல் உறிஞ்சிய நாட்களில், வெளியே வருவதில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், ரத்தமாகவே இருக்கும். 1987-ல் க்ளைன் வெளியிட்ட முறையில் ஒரு லிட்டர் சலைனில் கொஞ்சம் லிடோகைன் என்ற மரப்பு மருந்தும் 1 மில்லிகிராம் அட்ரினலினும் கலந்து, லிட்டர் கணக்கில் கொழுப்புக்குள் ஏற்றுவார்கள். சதை புடைத்து, இறுகி, தர்பூசணி மாதிரி ஆகும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளுக்கும். அந்த வெளுப்புக்காகத்தான் மருத்துவர் காத்திருக்கிறார். அதற்கு முன் குழாயைத் தொட்டால் ரத்தம் கொட்டும். வெளுத்த பிறகு வருவதில் ரத்தம் சுமார் 1 சதவீதம்தான்.

பிறகு சில மில்லிமீட்டர் துளை வழியாகக் கேனுலா என்ற உறிஞ்சுகுழாய் நுழைகிறது. இது மெஷின் வேலை என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு கை குழாயை முன்னும் பின்னும் செலுத்தும். மறு கை தோலின் மேல் படிந்து, குழாயின் நுனி எங்கே போகிறது என்று உணர்ந்துகொண்டே இருக்கும். ஒரே துளையிலிருந்து விசிறி மாதிரி, பிறகு வேறொரு துளையிலிருந்து அதற்குக் குறுக்காக. கொழுப்பின் ஆழ்ந்த அடுக்கில் ஓடினால் மேலே தோல் சமமாக இருக்கும். மேலாக ஓடினால் மேடும் பள்ளமும் நிலைத்துவிடும். வெளியே குடுவையில் விழுவது சற்று நேரத்தில் தானே பிரியும்: மேலே வெண்ணெய் நிறத்தில் கொழுப்பு, கீழே இளஞ்சிவப்புத் தண்ணீர். "அஞ்சு லிட்டர் எடுத்தாங்க" என்று யாராவது சொன்னால் அதில் இந்தத் தண்ணீரும் அடக்கம். ஐந்து லிட்டரைத் தாண்டினால் ஆஸ்பத்திரியிலேயே ஓரிரவு கண்காணிப்பில் வைப்பதுதான் முறை.

உள்ளே சுரங்கம் சுரங்கமாக இருக்கும் வெற்றிடம் ஒட்டுவதற்குச் சில வாரம் இறுக்கமான உடுப்பு போட வேண்டும். வீக்கம் முழுதாக வடிந்து உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

நுரையீரலுக்கு ரத்தக்கட்டியோ கொழுப்புத் துணுக்கோ போய் அடைப்பது, குழாய் குடலைக் குத்திவிடுவது ஆகிய ஆபத்துகள் அரிது, ஆனால் உயிரை எடுப்பவை. அதிகம் பேசப்படாத இன்னொன்று அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அட்ரினலின் கலந்த லிடோகைன் வழக்கமாக 420 மில்லிகிராம் வரைதான் தருவார்கள். க்ளைன் முறையில் அதே ஆளுக்கு 2,100 மில்லிகிராம் வரை போகலாம். நீர்த்த கலவை, சுருங்கிய ரத்தக்குழாய், ரத்தவோட்டம் குறைந்த கொழுப்பு என்ற மூன்றும் சேர்ந்து மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடுவதால் உடம்பு தாங்குகிறது. மெல்லக் கசிவதாலேயே ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போவது கிட்டத்தட்ட 12 மணி நேரம் கழித்து. கல்லீரலில் அது சிதையாமல் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு; படர்தாமரைக்குச் சாப்பிடும் இட்ராகோனசோல், தொண்டைக்குத் தரும் எரித்ரோமைசின் போல. எனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

காலை பத்து மணிக்குச் சிகிச்சை முடிந்தால் உச்சம் இரவு பத்து மணிக்கு. அப்போது மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல் என்று லிடோகைன் மிஞ்சியதன் அறிகுறிகள் தொடங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அன்று இரவு வீட்டில் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும்.