குளியலறைத் தரையும் ஈப்பர் பதுங்குகுழியும்

தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு கழுவும் வாரம். எங்கள் கேஷுவாலிட்டிக்கு அப்போது இந்த மாதிரி ஒருவராவது வந்துவிடுவார். போன முறை வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லையென்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு குத்தவைத்துத் தேய்த்திருக்கிறார். கண் சிவந்து, ஒரு வார்த்தைக்கு நாலு இருமல். புடவையில் நெடி அப்படியே இருந்தது.

“முதல் உலகப் போரில் விட்டார்களே, அந்த குளோரினா சார்?” என்றார் பயிற்சி மருத்துவர்.

அதேதான். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் 5,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை தரையோடு தரையாக வந்து, பிரெஞ்சு, அல்ஜீரியச் சிப்பாய்கள் இருந்த பதுங்குகுழிகளில் இறங்கியது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். பள்ளத்தைத் தேடிப் போகும். குழியின் அடியில் கிடந்தவர்களுக்கும் ஸ்ட்ரெச்சரில் இருந்தவர்களுக்கும்தான் பாதிப்பு அதிகம். பயந்து பின்னால் ஓடியவர்கள் புகையோடு சேர்ந்தே ஓடினார்கள். குத்தவைத்துத் தரை தேய்ப்பவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“இதை வைத்துக்கொண்டும் ஜெர்மனி ஏன் சார் ஜெயிக்கவில்லை?”

ஆயுதம் வந்ததே நெருக்கடியில்தான். பிரான்சும் ரஷ்யாவும் கூட்டாளிகள் என்பதால் ஜெர்மனி இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியிருந்தது. முதலில் பிரான்சைச் சீக்கிரமாக முடித்துவிட்டு ரஷ்யா பக்கம் திரும்பலாம் என்ற திட்டம் 1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் சரிந்தது. பிரிட்டன் கடலை அடைத்ததால் சிலி நாட்டு வெடியுப்பு வரவில்லை. பீரங்கிக் குண்டுக்குத் தட்டுப்பாடு. ஆனால் ரசாயனத் தொழிற்சாலைகளில் குளோரினுக்குக் குறைவில்லை. அதைக் களத்துக்குக் கொண்டுபோனவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். விஷவாயுக் குண்டுகளை 1899-லேயே ஹேக் பிரகடனம் என்ற சர்வதேச ஒப்பந்தம் தடுத்திருந்தது. சிலிண்டர் என்ன குண்டா என்று வாதாடினார்கள். ஓட்டை தேடுவதற்கு எந்தக் காலத்திலும் ஆள் உண்டு.

அன்று மாலை எதிரணியில் சுமார் 6 கிலோமீட்டருக்கு இடைவெளி விழுந்தது. உள்ளே புகத்தான் போதிய ஆளில்லை. ரஷ்ய முனைக்குப் படைகளை நகர்த்திக்கொண்டிருந்த தலைமை இதை ஒரு சோதனையாகத்தான் வைத்திருந்தது. கனடியர்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்கள். இந்தியாவின் லாகூர் டிவிஷன் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 26 அன்று எட்டு அதிகாரிகளை மீட்க உதவிய ஜமேதார் மீர் தஸ்துக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இடைவெளியை அடைத்தது இப்படித் தூரதேசங்களிலிருந்து வந்தவர்களும்தான். அப்புறம் முகமூடிகள் வந்தன. அந்த முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், அதுவும் ஜெர்மனிக்குப் பாதகம். செப்டம்பரில் பிரான்சின் லூஸ் என்ற ஊரில் பிரிட்டன் விட்ட வாயுவோ சில இடங்களில் அவர்கள் மேலேயே திரும்பியது. போரில் செத்த சிப்பாய்களில் வாயுவால் செத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான்.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். மூச்சுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்ததும் குளோரின் அமிலமாகி அரிக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. ஆக்சிஜன், நெபுலைசர், கண்காணிப்பு, அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். இருமல் கொஞ்சம் நின்றதும் கிளம்பத் தயாரானவரை அதனால்தான் ராத்திரி இருக்கச் சொன்னோம்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் பாத்ரூம் கிளீனரையோ அமோனியா கலந்த எதையுமோ சேர்க்காதீர்கள். நெடி ஏறினால் வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நெடி பிடித்த துணியை மாற்றி, கண்ணை நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மறுநாள் எக்ஸ்ரே நன்றாக இருந்தது. போகும்போது அந்த அம்மா கேட்டார்: “கறை இன்னும் போகலையே டாக்டர், தனித்தனியா போடலாமா?”

ஒன்றைப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அடுத்ததை இன்னொரு நாள், கதவைத் திறந்துவைத்து, என்றேன்.