கிட்டாரில் மில்லிமீட்டர் கணக்கு

தனித்தனிப் பாகங்களாக, அதாவது ‘கிட்’டாக, வாங்கிக் கோக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் கடினமான வேலைகள் பல முன்பே முடிந்திருக்கும். பக்கப் பலகைகளைச் சூடு காட்டி வளைத்திருப்பார்கள், ஃபிரெட்போர்டின் (விரல் பலகை) குறுக்கே பதியும் உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளுக்குக் காடிகளை வெட்டியிருப்பார்கள். நமக்கு மிச்சம் ஒட்டுவதும் இழைப்பதும்தான். ஆனால் சுருதி அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. பலகையில் விழுந்த கீறல், ஓரத்தில் வழிந்த பசைத் தடம் எல்லாம் கண்ணை மட்டுமே உறுத்தும். உடலின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் இடமும் கழுத்தின் சாய்வும் பிசகினால் வாசிக்கவே முடியாது.

12-வது ஃபிரெட் கம்பியைச் சரிபாதியாக்குகிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து அது 322.5 மி.மீ. தூரத்தில் இருந்தால், கணக்குப்படி கம்பியின் நீளம் 645 மி.மீ. சரி, பிரிட்ஜின் காடியில் நின்று கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலையும் அந்த இடத்திலேயே வைத்துவிடலாமே? வைத்தால் ஃபிரெட்டுகளில் மேலே போகப்போகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். கம்பி ஃபிரெட்டுக்குச் சற்று மேலே நிற்பதால் அழுத்தும்போது இழுபட்டு விறைப்பு கூடுகிறது. தடித்த கம்பி எளிதில் வளையாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இதை ஈடுகட்டத்தான் சேடிலைப் பின்னால் தள்ளிச் சாய்வாக வைக்கிறார்கள்: மெல்லிய கம்பிக்கு ஏறக்குறைய 2 மி.மீ., தடித்த கம்பிக்கு 4 அல்லது 5 மி.மீ. இந்த இடம் 3 மி.மீ. தவறினாலே 12-வது ஃபிரெட்டில் அரைச்சுரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிசகும். தனிச்சுரத்தில் பிடிபடாமல் போகலாம், பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் உறுத்தும்.

சோதிப்பது எளிது. 12-வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் கம்பி நீளம் போதவில்லை. சேடில் சுமார் 3 மி.மீ. தடிமன். அதன் உச்சியைப் பின்னோக்கிச் சரிவாக அராவினாலே 1 மி.மீ. கிடைத்துவிடும். அதற்கும் மேல் தேவையென்றால் காடியை மரத்துண்டால் அடைத்துப் புதிதாக வெட்டலாம். அதுவும் போதாவிட்டால் பிரிட்ஜையே கழற்ற வேண்டியதுதான். சாதாரண மரப்பசையும் பழைய வஜ்ஜிரமும் (தோல் பசை) சூட்டில் இளகும். பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை அடியில் மெதுவாக நுழைத்துக்கொண்டே போனால் பிரிந்து வரும். முக்கியமான இணைப்புகளுக்கு, அப்படி எளிதில் இளகாத எபாக்ஸி பசை வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

திரும்ப ஒட்டும் இடத்தில் வார்னிஷ் கொஞ்சமும் இருக்கக்கூடாது, வெறும் மரம் தெரிய வேண்டும். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். வார்னிஷ் மேல் ஒட்டிய பிரிட்ஜ் பின்பக்கமாகப் பெயர்ந்துவிடும்.

அப்புறம் கழுத்து. நேரான அளவுகோலை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து நீட்டினால் அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தை உரச வேண்டும். 3 மி.மீ. கீழே போய் முட்டினால் கம்பிகள் எட்டாத உயரத்தில் நிற்கும். கழுத்து உடலோடு சேரும் 14-வது ஃபிரெட்டிலிருந்து சேடிலுக்கு 287 மி.மீ., கழுத்தின் அடிப்பாகம் 90 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ 90-ஆல் பெருக்கி 287-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.9 மி.மீ. அடிநுனியில் அவ்வளவு மரத்தை எடுத்து, மேலே போகப்போகக் குறைத்து, உச்சியில் எதையும் எடுக்காமல் விட்டால் போதும். போல்ட் போட்ட கழுத்தென்றால் போல்ட்டைத் தளர்த்தி, உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் கழுத்தைப் பார்க்க இடையில் செருகி இழுக்கலாம். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். ஒரு பக்கம் கூடினால் கழுத்து திரும்பி, ஓரக் கம்பி ஃபிரெட்போர்டை விட்டு வழுகும்.