மேலே பளபளப்பு, அடியில் பொத்தல்

என் மச்சினன் பிரான்ஸில் இருக்கிறான். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பேருக்கு அங்கே சொந்தம் இருக்கும் என்பதால் இதில் பெருமை ஒன்றும் இல்லை. டிசம்பர் பிறந்ததும் பைக்கைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மார்ச் வரைக்கும் பஸ்ஸில் போவான். குளிருக்குப் பயந்துதான் என்று நினைத்திருந்தேன். "குளிர் இல்ல மாமா, உப்பு. ரோடு பூரா உப்பு கொட்டி வெச்சிருக்கான்" என்றான்.

உறைந்த சாலையில் உப்பைத் தூவினால் தண்ணீர் உறைகிற வெப்பநிலை இறங்கிவிடும். உப்பு நன்றாகக் கரைந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாமல் கிடக்கும். வண்டிகள் வழுக்காமல் ஓட அது வேண்டியதுதான், ஆனால் அந்த உப்புச் சேறு டயரோடு எழும்பி அடிப்பாகமெல்லாம் அப்பிக்கொண்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அவன் சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே லாரி வைத்துக் கொட்டுகிற உப்பை இங்கே கடல் சும்மாவே கொட்டுகிறது, அதுவும் நேராக வண்டி மேலேயே.

அலை உடையும்போது தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்று குமிழிகளாக மேலே வந்து வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறியும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. துளி காய்ந்து சுருங்கினாலும் உப்பு அப்படியே மிதந்து ஊருக்குள் வரும். பீச் ரோட்டில் கருங்கல் கொட்டிய கரையில் அலை மோதுகிற நாளில் அரை மணி நேரம் உலாத்திவிட்டு உதட்டை நக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கிறது, கடலும் கொந்தளிப்பாக இருக்கிறது, அதனால் அப்போது வரவு அதிகம். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் உப்பு மிக அதிகமாகப் படியும், அப்புறம் மளமளவென்று குறைந்துவிடும். ஒரே வருடம் வாங்கிய இரண்டு வண்டிகளில் உள்ளே தள்ளியிருக்கிற வில்லியனூரில் நிற்பது புதுசு மாதிரியும் கடலோர வைத்திக்குப்பத்தில் நிற்பது காயலான் கடைக்குப் போகிற மாதிரியும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நான் வைத்திக்குப்பத்துக் கேஸ். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு, வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில், தினம் போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதாவது அப்படி நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் டேங்க், ஹெட்லைட், மட்கார்டின் மேல்பக்கம் எல்லாம் பனியன் துணியால் துடைப்பேன். மூன்றாவது வருடம் பின் சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து மட்கார்டின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக ஒரு குத்து குத்தினார். முனை மேலே வந்து எட்டிப் பார்த்தது. "மேல மினுக்கி என்னா பண்றது தம்பி, கீழ குனிஞ்சி பாத்தியா நீ?"

எனக்குக் குழம்பிப்போனது. மூன்று வருட மழை முழுக்க நேராக விழுந்தது மேல்பக்கத்தில். அது நன்றாக இருக்கிறது. மேலிருந்து விழும் மழை படாத அடிப்பக்கம் அப்பளமாக நொறுங்குகிறது. தண்ணீர் பட்டால்தானே துரு?

இதற்குப் பதில் ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கிறது. பெயின்ட் இல்லாத ஒரு இரும்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி (பெயரில்தான் உப்பு, தாளில் இல்லை) அதன் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை விட்டுச் சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். துரு சொட்டு முழுக்கப் படராது, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு வளையமாக வரும். 1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்பவர் இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் கணக்கை விளக்கினார். சொட்டின் ஓரம் மெல்லியது, காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாகக் கரைந்து இரும்பைத் தொட்டுவிடும். நடுவில் தண்ணீர் தடிமன், அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மறுபடி வந்து சேர நேரமாகும். இந்த ஒரு வித்தியாசம் போதும், ஒரே இரும்புத் துண்டு பேட்டரி மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிடும். நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைந்து போகும். அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓரத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனியாக மாற உதவும். கரைந்த இரும்பும் இந்த அயனியும் வழியில் சந்திக்கிற இடத்தில்தான் அந்த வளையம். அதாவது துரு தெரிகிற இடம் ஒன்று, இரும்பு காணாமல் போகிற இடம் வேறு. காற்று போகாத இடத்தில்தான் குழி விழுகிறது. வாஷருக்கு அடியில், தகடும் தகடும் சேருகிற மடிப்பில், மட்கார்டுக்குள் அப்பிக் காய்ந்த சேற்றுக்குப் பின்னால்.

பேட்டரி என்றால் சர்க்யூட் பூர்த்தியாக வேண்டும். உலோகத்தின் வழியே எலெக்ட்ரான் போகிறது, தண்ணீரின் வழியே அயனிகள் போக வேண்டும். மழைத் தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, உப்புத் தண்ணீர் தாராளமாகக் கடத்தும். போதாததற்கு உப்பிலுள்ள குளோரைடு அயனி இன்னொரு வேலையும் செய்கிறது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தங்கள் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு தப்பிப்பவை, குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே கிழித்துவிடும். எஞ்சின் கவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது அதனால்தான்.

மழை படாத இடத்துக்கு ஈரம் எப்படி வந்தது? இப்போது ராத்திரிப் பனிக்கு வருவோம். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், அடுப்படியில் மூடாத உப்பு ஜாடி கசிகிற மாதிரி. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதம் போதும். நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் பெரும்பாலும் 80-க்கு மேல். ஆக ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் பொழுது சாய்ந்ததும் வண்டி மேல் ஒரு உப்பு ஈரம் படர்ந்துவிடும். இதன் மேல் மார்கழிப் பனி. மேகமில்லாத ராத்திரியில் டேங்கும் மட்கார்டும் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், காற்றிலிருக்கிற நீராவி அதன் மேல் துளியாகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வண்டியின் மட்கார்டையும் சேர்த்திருக்கலாம்.

விஷயம் என்னவென்றால், மழை தாராளமாகப் பெய்து உப்பைக் கழுவிக்கொண்டு ஓடிவிடும். பனி ஓடாது. இருக்கிற உப்பை நனைத்துவிட்டு அங்கேயே உட்காரும். அதுவும் மெல்லிய படலமாக உட்காருவதால் ஆக்சிஜன் சட்டென்று இரும்பைத் தொட்டுவிடுகிறது, அதனால் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய இரும்பைவிட இப்படி ஈரம் பூசிக் காய்ந்து மறுபடி ஈரமாகிற இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். என் மட்கார்டின் மேல்பக்கத்தை மழை வருடா வருடம் கழுவிக் காப்பாற்றியிருக்கிறது. அடிப்பக்கத்துக்கு உப்பும் சேறும் மட்டும் போனது, கழுவ யாரும் போகவில்லை, நானும் போகவில்லை.

(காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த அரிப்பை அளப்பதையே முக்கிய வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது, மண்டபத்தில் கடலோரமாக அதற்கு ஒரு மையமும் உண்டு. முறை எளிமையானது. எடை போட்ட தகட்டை வெயிலிலும் மழையிலும் காயப்போட்டு, ஒரு வருடம் கழித்துத் துருவை நீக்கிவிட்டு மறுபடி எடை போடுவது.)

சைலன்சர் தனிக் கதை, அது உள்ளிருந்து அழுகுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், ஆவியாக வெளியே போவதால் நமக்குத் தெரிவதில்லை. நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் சூடாகி எல்லாம் போய்விடும். காலையில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை பால் வாங்கப் போய்த் திரும்பினால் குழாய் சூடாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவோம், ஆவி உள்ளேயே தண்ணீராகி புகையின் அமிலத்தோடு சேர்ந்து தாழ்ந்த பகுதியில் தேங்கும். அதற்காகவே பல சைலன்சர்களில் அடியில் ஊசித் துளை மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். அதைப் பொத்தல் என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்த ஆட்களை எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டுங்கள், கன்னியக்கோவில் வரை போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை நல்ல தண்ணீர். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல், கடலோரத்தில் பல போர்வெல்களில் வருவதே உப்புத் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் விடுகிற இடத்தில் அந்தத் தண்ணீரையே பிரஷர் வைத்து அடித்தால் கை எட்டாத இடத்துக்கெல்லாம் உப்பைப் பார்சல் செய்து அனுப்பிய மாதிரிதான். காசும் கொடுத்து. சங்கடப்படாமல் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். வீட்டில் நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும், பிரஷர்கூட வேண்டாம், மட்கார்டின் உள்பக்கம், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு, செயின் கவருக்குள், சைலன்சரின் அடி, இவ்வளவும் நனைந்து ஓட வேண்டும். சேறு காய்ந்திருந்தால் பழைய டூத் பிரஷ். துணி சோப்புத்தூள் மட்டும் வேண்டாம், அதிலுள்ள காரம் அலுமினியத்துக்கு ஆகாது. கழுவியதும் ஒரு ஓட்டு ஓட்டிக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை என்பது என் கணக்கு, தை, மாசியிலும் விடாதீர்கள். மழைதான் நின்றுவிட்டதே என்று எல்லாரும் விட்டுவிடுவது அப்போதுதான்.

ஃபெஞ்சல் புயல் மாதிரி வந்தால் வேறு. 2024 நவம்பர் 30 ராத்திரி அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஆயில் மாற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்து, வீல் பேரிங்கைப் பார்த்த பிறகுதான் மற்றது.

மேலே பூசுகிற விஷயத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் உண்டு. பழைய எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து அடியில் அடிப்பார்கள், அதில் ஏற்கெனவே அமிலம் சேர்ந்திருக்கிறது, டீசல் பட்ட ரப்பர் புஷ் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும். எனக்குப் பிடிக்கவில்லை. டபிள்யூடி-40 என்கிற ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுவதற்கென்றே 1953-இல் அமெரிக்காவில் உருவாக்கியது, அதை அடித்தால் ஈரம் போகும், ஆனால் அது விட்டுப்போகிற படலம் மெல்லியது, ஒரு பருவம் முழுக்கத் தாங்காது. நிலைத்து நிற்க வேண்டுமென்றால் மெழுகு வேண்டும்: பெயின்ட், குரோமியம் மேல் கார் வேக்ஸ், போல்ட் தலைகளில் கொஞ்சம் கிரீஸ், பேட்டரி முனையில் வாசலின். செயினுக்கு மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் வைத்துத் துடைத்துவிட்டு 90 கியர் ஆயில் விட்டாலே போதும், நனைந்த நாளெல்லாம் விட வேண்டும்.

பெயின்ட் உரிந்த இடத்தை அப்படியே விடாதீர்கள். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் பக்கத்திலுள்ள நல்ல பெயின்ட்டையும் தூக்கிக் கிளப்பிவிட்டு உள்ளே போகும். தேய்த்துச் சுத்தம் செய்து சிங்க் (துத்தநாகம்) ஸ்ப்ரே அடித்து மேலே பெயின்ட் அடியுங்கள். துத்தநாகம் இரும்பைவிட முந்திக்கொண்டு தன்னைக் கரைத்துக்கொள்ளும், இரும்பு தப்பும். விசைப்படகின் இரும்பு அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுவது இதற்காகத்தான். அந்தக் கட்டியை பைக்கில் மாட்டலாமா என்று ஒரு நண்பன் கேட்டான், நல்ல கேள்வி, ஆனால் படகுக்கும் கட்டிக்கும் நடுவே கடலே கம்பியாக இருக்கிறது, காற்றில் நிற்கிற வண்டியில் அது நடக்காது, தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தை மட்டும்தான் காக்கும்.

முன் ஃபோர்க்கில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அந்தக் குழாயின் மேல் குண்டூசித் தலை அளவு துருக் குழி விழுந்தாலும் ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஆயில் சீலை அறுக்கும், ஆயில் கசிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ அரை நிமிடம்.

கவர் போடுகிறவர்கள் ஈர வண்டி மேல் போடாதீர்கள். காற்று போகாத பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் ராத்திரி முழுக்க வெளியே போக வழியில்லாமல் கிடக்கும், அதற்குத் திறந்தே நிறுத்தலாம்.

என் வண்டிக்கு மெக்கானிக் அண்ணன் கடைசியில் செய்தது என்ன தெரியுமா? பின் மட்கார்டை மாற்றிவிட்டு, கடையில் கிடந்த பழைய டியூபில் ஒரு சாண் வெட்டி முன் மட்கார்டின் கீழ் முனையில் இரண்டு போல்ட் போட்டுத் தொங்கவிட்டார், முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு எஞ்சின் மேலும் சைலன்சர் வளைவிலும் படாமல் இருக்க. பார்க்க லாரி மாதிரி இருந்தது. எட்டு வருடம் ஆகிறது, டியூபை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன், சைலன்சர் அதேதான்.