சிலுவை: சொல்லின் வேரும் சுற்றியுள்ள அடையாளங்களும்

சிலுவை என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதிவருகிறார்கள். அது பிழை. அவர்கள் வழியாக வந்த சொல் குருசு. இலத்தீன் ‘க்ருக்ஸ்’ போர்த்துக்கீசியத்தில் ‘க்ரூஸ்’ ஆகி, தமிழில் குருசு என்று நின்றது. சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமாகிய குருசடி என்ற சொல்லிலும், குரூஸ் என்ற குடும்பப் பெயரிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சிலுவையின் வேர் வேறு திசையில், சிரியாக் மொழியில் இருக்கிறது. அங்கே அதன் வடிவம் ‘ஸ்லீவா’.

சிரியாக் என்பது அரமேய மொழியின் ஒரு கிளை. இயேசு பேசியதும் அரமேயத்தின் ஒரு வட்டார வழக்குதான். ‘ஸ்-ல்-ப்’ என்ற மூன்று மெய்களால் ஆன வேருக்கு ‘மரத்தில் ஏற்று, தொங்கவிடு’ என்பது பொருள். அரபியின் ‘ஸலீப்’ என்ற சொல்லும் எபிரேயத்தின் ‘ட்ஸ்லாவ்’ என்ற சொல்லும் இதே குடும்பம். உயிருக்குப் பின்வரும் ‘ப்’ சிரியாக்கில் மென்மையாகி வகரமாக ஒலிக்கும். ஆகவே எழுத்தில் ‘ஸ்லீபா’, வாய்மொழியில் ‘ஸ்லீவா’. இயேசுவின் சீடர் தோமாவைத் தங்கள் மூலவராகக் கொள்ளும் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி நெடுங்காலம் சிரியாக்காக இருந்தது. மலையாளத்தில் ‘ஸ்லீவா’, ‘குரிசு’ இரண்டும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. தமிழிலும் அப்படியே சிலுவை, குருசு என்று இரண்டு அடுக்குகள் நின்றுவிட்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிரியாக்கில் கிழக்கு ஒலிப்பு, மேற்கு ஒலிப்பு என இரண்டு மரபுகள் இருக்கின்றன. கிழக்கில் ‘ஆ’ என்று முடியும் சொல் மேற்கில் ‘ஓ’ என்று முடியும். நம் சொல்லின் ஈறு கிழக்கு ஒலிப்போடுதான் பொருந்துகிறது. பாரசீகத் திருச்சபை பேசியது அந்தக் கிழக்கு மரபு. சென்னைப் பரங்கிமலையில் 1547-ல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்தாகிய பகலவி பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தத் தொடர்பைக் காட்டும் சான்றுதான்.

‘ஸ்லீவா’ எப்படிச் ‘சிலுவை’ ஆயிற்று என்பது தமிழ் ஒலியியலுக்கு நல்ல பாடம். தமிழ்ச் சொல் இரட்டை மெய்யோடு தொடங்காது. அதனால் முதலில் ஓர் உயிர் நுழைந்தது. ஸ்நேகம் சினேகம் ஆனதும் ச்லோகம் சுலோகம் ஆனதும் இந்த வழியில்தான். அடுத்து, ‘லீ’ என்ற நெடில் குறுகி, பின்னால் வரும் வகரத்தின் இதழ்க்குவிவால் ‘லு’ ஆயிற்று. கடைசியில் ஆகார ஈறு ஐகாரமாகியது: சீதா சீதை, மாலா மாலை, சபா சபை என்பனபோல. இப்படித் தமிழ் இலக்கணம் கேட்ட எல்லாவற்றுக்கும் இசைந்து வந்த சொல் இது. இதில் களையவேண்டிய கிரந்த எழுத்துகூட ஒன்றும் இல்லை.

பிறகு ஏன் ‘தூய தமிழ்ச் சொல்’ தேடுகிறார்கள்? இரண்டு பரிந்துரைகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று ‘குறுக்கை’. இது வடிவத்தை மட்டும் சொல்கிறது. குறுக்கே வைத்த எந்த இரண்டு கட்டைக்கும் பொருந்தும். மற்றொன்று ‘கழுமரம்’. இதற்கு ஆதரவாக, மூலக் கிரேக்கச் சொல் ‘ஸ்தவ்ரோஸ்’ முதலில் நட்ட கம்பத்தைத்தான் குறித்தது என்பார்கள். அது உண்மையே. ஆனால் சொல்லின் பழைய பொருளும் அது வழங்கிய காலத்துப் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் நூற்றாண்டில் உரோமானியர் கையாண்ட தண்டனையில் இரண்டு பகுதிகள் இருந்தன: நிலத்தில் நட்ட ‘ஸ்திபெஸ்’ என்ற தூண், குறுக்கே வைக்கும் ‘பத்திபுலும்’ என்ற கட்டை. தண்டனை பெற்றவர் சுமந்து நடந்தது பெரும்பாலும் அந்தக் குறுக்குக் கட்டையை மட்டுமே. தூண் கொலைக்களத்திலேயே நின்றிருக்கும். இயேசு முழுச் சிலுவையையும் சுமப்பதாக ஓவியங்கள் காட்டுவது பிற்கால மரபு. 1968-ல் எருசலேமில் கிடைத்த ஓர் எலும்புப் பேழையில், ஏறத்தாழ 11.5 செ.மீ. நீள ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு இருந்தது. ஆணியால் அறைந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று அது. கழுவேற்றமோ உடலைக் கூர்மரத்தில் குத்தி ஏற்றுவது. முற்றிலும் வேறு தண்டனை. ஆகவே கழுமரம் என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் தவறான காட்சி எழும். சிலுவையே சரியான தமிழ்ச் சொல். அதற்கு மாற்றுத் தேவையில்லை என்பதே எங்கள் முடிவு.

எழுதும்போது நேரும் பிழைகள் சில. ‘சிலுவையில் அறைந்தார்கள்’ என்பதில் வல்லின ‘ற’ வேண்டும். ‘அரைந்தார்கள்’ என்று எழுதினால் மாவரைக்கும் வினை நினைவுக்கு வரும். திரு என்பதோடு சேரும்போது ‘திருச்சிலுவை’ என ஒற்று மிகும். ‘சிலுவைப் பாதை’, ‘சிலுவைப்பாடு’ என்பவற்றிலும் ஒற்று உண்டு. உடலுருவம் உள்ளதையும் இல்லாததையும் ஒரே சொல்லால் குறிப்பதும் குழப்பம் தரும். வெறும் குறுக்குக் கட்டைகள் சிலுவை. இயேசுவின் உருவம் அறையப்பட்டிருப்பது கத்தோலிக்க வழக்கில் பாடுபட்ட சுரூபம். ‘பாடு’ என்றால் துன்பம். வடசொல்லாகிய சுரூபத்தை விட விரும்புவோர் ‘பாடுபட்ட திருவுருவம்’ என்று எழுதலாம்.

சிலுவைதான் கிறிஸ்தவத்தின் முதல் அடையாளம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தொடக்க நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் அதை வெளிப்படையாக வரைவது அரிது. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வழங்கப்பட்ட இழிவான தண்டனை அது; கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த காலத்தில் அதை யார் அணிவார்? சிலுவையில் தொங்கும் உருவத்தின் மிகப் பழைய படங்களுள் ஒன்று பகைவர் கீறியது. உரோமையின் பலத்தீன் குன்றில் 1857-ல் கண்டெடுத்த சுவர்க்கிறுக்கலில் கழுதைத் தலையுடைய ஒருவர் சிலுவையில் தொங்குகிறார். ‘அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று அருகில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் அந்தத் தண்டனையை நிறுத்திய பின்னரே சிலுவை பெருமையின் சின்னமாக எழுந்தது. உரோமையின் புனித சபீனா கோவில் மரக்கதவில் உள்ள சிலுவைக் காட்சி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அதற்கு முன் புழங்கியவை மீன், நங்கூரம், புறா, கப்பல். முத்திரை மோதிரத்தில் இவற்றைப் பொறித்துக்கொள்ளலாம் என்று தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து எழுதியிருக்கிறார். மீனுக்குக் கிரேக்கத்தில் ‘இக்துஸ்’. அதன் ஐந்து எழுத்துகளும் ‘இயேசு, கிறிஸ்து, கடவுளின், மகன், மீட்பர்’ என்ற ஐந்து கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள். தமிழில் ‘மீன்’ என்று சொல்லும்போது அந்த எழுத்துக் கோவை கலைந்துவிடும். ஆகவே விளக்கம் எழுதுவோர் கிரேக்கச் சொல்லை ஒருமுறையாவது தந்துவிட வேண்டும்.

பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடும் அதன் தலையில் வளைவும் உள்ள சின்னத்தைப் பலர் ஆங்கில எழுத்துகளாகப் படித்து ‘பிஎக்ஸ்’ என்கிறார்கள். அவை கிரேக்கத்தின் ‘கி’, ‘ரோ’. ‘கிறிஸ்தோஸ்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள். 312-ல் நடந்த மில்வியன் பாலப் போரை ஒட்டிக் கான்ஸ்டன்டைன் இதைப் படைச்சின்னமாக்கினார் என்பது மரபு. ‘ஐ.எச்.எஸ்.’ என்பதும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது: அது இயேசு என்ற பெயரின் கிரேக்க வடிவத்தில் உள்ள முதல் மூன்று எழுத்துகள். நடுவில் நிற்பது கிரேக்க ‘ஏட்டா’. அதை இலத்தீன் ‘எச்’ என்று எண்ணிப் பின்னாளில் புதுப்புது விரிவுகள் கட்டினார்கள்.

சிலுவையின் உச்சியில் உள்ள பலகையில் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ என்றிருந்தால் அது இலத்தீன்: ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்’. கிரேக்க மரபுச் சிலுவையில் மூன்றாம் எழுத்து ‘பி’ ஆகும், ஏனெனில் அரசருக்குக் கிரேக்கச் சொல் ‘பசிலெவ்ஸ்’. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்றிலும் எழுதியிருந்ததாக யோவான் நற்செய்தி (19:20) கூறுகிறது. இரசிய மரபுச் சிலுவையில் கீழே ஒரு சாய்ந்த பாதக்கட்டையும் உண்டு. பார்ப்பவரின் இடப்பக்கம் அது உயர்ந்திருக்க வேண்டும்: இயேசுவின் வலப்புறம் இருந்து மனம் திரும்பிய கள்வனின் பக்கம் அது. படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பும்போது இந்தப் பொருளே தலைகீழாகிவிடும். நேராகத் தலைகீழான சிலுவையைத் தீமையின் சின்னம் என்று அஞ்சுவோரும் உண்டு. தன்னைத் தலைகீழாக அறையும்படி பேதுரு கேட்டுக்கொண்டார் என்ற பழமரபிலிருந்து வந்த பேதுரு சிலுவை அது.

தமிழாக்கத்தில் மனத்தை நிறைக்கும் சொல் ஒன்று உண்டு. விவிலியத்தின் கடைசி நூலாகிய திருவெளிப்பாட்டில் (1:8) வரும் கிரேக்க ‘ஆல்பா, ஒமேகா’ என்பதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘அல்பாவும் ஓமெகாவும்’ என்று அப்படியே விட்டது. பின்னாளைய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதை ‘அகரமும் னகரமும் நானே’ என்று தந்தது. தமிழ் நெடுங்கணக்கின் முதல் எழுத்து அ, கடைசி எழுத்து ன. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே ‘எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய்’ என்றுதான் எல்லை வகுக்கிறது. ‘முதலும் முடிவும்’ என்று பொருளை மட்டும் பெயர்த்திருந்தால் எழுத்து என்ற படிமம் காணாமல் போயிருக்கும். இங்கே இரண்டும் தங்கின.

இந்த எழுத்துகளை, உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியாகிய பாஸ்கா திரியில் காணலாம். உரோமை முறையில் முதலில் செங்குத்துக் கோட்டையும் பிறகு கிடைக்கோட்டையும் கீறிச் சிலுவை வரைவார்கள். அதன் மேலே முதல் எழுத்து, கீழே கடைசி எழுத்து. ஆண்டின் நான்கு எண்கள் நான்கு மூலைகளில் வரும்: மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்ற வரிசையில். திரியில் பதிக்கும் தூபமணிகள் (சாம்பிராணி மணிகள்) ஐந்து; உச்சி, நடு, அடி, பிறகு இடம், வலம் என்று பதிப்பார்கள். எண்களைக் கடிகாரச் சுற்றில் எழுதுவதே இங்கு அடிக்கடி நேரும் தவறு. அப்படி எழுதினால் 2025 என்ற ஆண்டு வரிசையாகப் படிக்கும்போது 2052 ஆகிவிடும்.